சில்லின் உயரமும் வெள்ளத்தின் உயரமும்

சென்ற பெருநாள் விடுமுறையில் இறக்காமத்திலுள்ள தங்கை வீட்டிற்குப் போயிருந்தேன். பகல் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் மருமகன் என்னை முற்றத்திற்கு அழைத்தான். மாமரத்தடியில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் நின்றது. புதிதாக வாங்கியதல்ல, பல கை மாறி அவன் கைக்கு வந்தது. அவன் கேட்ட கேள்வி இதுதான்: "மாமா, மூன்று அங்குலம் தூக்கி, முப்பத்துமூன்று அங்குல டயர் போடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

காரணத்தையும் அவனே சொன்னான். வட்டைக்குப் போகும் கிரவல் வீதி மாரியில் குண்டும் குழியுமாகி, வண்டியின் அடிவயிறு தட்டுகிறது. அது ஒன்று. "வெள்ளம் வந்தால் அக்கம்பக்கத்துச் சனங்களையும் ஏற்றிக்கொண்டு போகலாம் மாமா" என்பது மற்றொன்று. முதற் காரணத்தைக் கேட்டுத் தலையாட்டிய நான், இரண்டாவதைக் கேட்டதும் பேசாமலிருந்தேன்.

நான் பொறியியல் படித்தவனல்லன். கலைப்பட்டம் பெற்று, காலமெல்லாம் செய்தி எழுதியவன். ஆயினும் அவனுடைய கேள்வி எனக்கு வாகனக் கேள்வியாக மட்டும் தோன்றவில்லை. இந்த மண்ணில் சில்லு எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தெரிந்த கருவியால் விடை தேடிய பழைய கேள்வி.

இறக்காமம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். பக்கத்தில் குளம், சுற்றிலும் வயல். பெரும்போக வெள்ளாமை மாரி மழையோடு தொடங்குவதால், உழவும் விதைப்பும் வீதி கெட்டுப்போகும் காலத்திலேயே நடக்க வேண்டும். மூடை ஏற்றும் காலத்தில் மண் காய்ந்து இறுகி, மாரியில் விழுந்த சில்லுத் தடங்கள் ஆழமான வாய்க்கால்களாக நிற்கும். ஆகவே சேற்றில் புதையாமலும், தடத்தில் அடி தட்டாமலும் ஓடும் வண்டியே இங்கு வண்டி.

மூத்தாப்பாவின் மாட்டு வண்டியை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதன் சில்லு அக்காலத்தில் என் தலைக்கு மேல் நின்றது. சில்லின் விட்டம் கூடக்கூட அது குழியில் இறங்கும் ஆழம் குறையும்; ஒரு கல்லை ஏறிக் கடக்கும்போது இழுவைக்கு எதிராக நிற்கும் சரிவும் குறையும். அச்சு உயர்ந்து நிற்பதால் வரம்பிலும் தடத்திலும் தட்டாது. இன்று 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' என்று என் மருமகன் சொல்வதை, அந்தத் தச்சர் சூத்திரம் எழுதாமலே செய்து வைத்திருந்தார். ஆனால் அந்த வண்டியில் பாரத்தை ஓர் அளவுக்கு மேல் உயர்த்திக் கட்டினால் மூத்தாப்பா ஏசுவார். வரம்பு திரும்பும் இடத்தில் உயரமான பாரம் வண்டியைக் கவிழ்த்துவிடும் என்பது அவருடைய அனுபவம்.

அடுத்த மாற்றம் 1949இல் வந்தது. அவ்வாண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. நம்மவர்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை கட்டும் வேலை, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த மொரிசன் நுட்சன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. காட்டை வெட்டிச் சமப்படுத்தும் பாரிய இயந்திரங்கள் இப்பகுதிக்குள் வந்தன. சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாயிருந்த இந்நிலப்பரப்பு 1961இல் தனி அம்பாறை மாவட்டமானது. குடியேற்றம் இங்குள்ள மக்களின் நிலத்தையும் தொகையையும் அரசியலையும் எப்படி மாற்றியது என்பது வேறொரு பெருங்கதை. இங்கு எனக்கு வேண்டியது சில்லின் கதை மட்டுமே.

உழவு இயந்திரத்தின் சில்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் அது பற்கள் கொண்ட இரும்புச் சில்லு. 1932இல் அமெரிக்காவின் அலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயரை உழவு இயந்திரத்தில் பூட்டிக் காட்டியது. சில ஆண்டுகளில் அதுவே வழக்கமாயிற்று. ஆனால் நம்முடைய சேற்று வயலுக்கு ரப்பர் டயர் தனியே போதவில்லை. வழுக்கிச் சுழன்று ஒரே இடத்தில் குழி தோண்டும். எனவே இரும்புக் கம்பியால் கூடுபோல் செய்த அகன்ற சில்லைப் பூட்டிச் சேற்றில் இறக்கினார்கள். நாம் இன்றும் எந்தக் கம்பனியுடையதாயினும் 'லேண்ட்மாஸ்டர்' என்றே சொல்லும் இருசில்லு இயந்திரமும் அந்த இரும்புக் கூட்டோடுதான் வயலுக்குள் இறங்குகிறது. வீதிக்கு ஏறியதும் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் வீதியும் கெடும், இயந்திரமும் கெடும். ஒரு நிலத்துக்கு ஏற்ற சில்லு இன்னொரு நிலத்துக்கு ஏற்றதல்ல என்பதை எங்கள் விவசாயிகள் அன்றே அறிந்திருந்தனர்.

கெப் வாகனங்களின் வழி வேறு. 1941இல் இரண்டாம் உலகப் போருக்கென வில்லிஸ் ஜீப் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. போர் முடிந்தபின் அதைப் பார்த்து ஆங்கிலேயர் செய்த லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. டொயோட்டாவின் ஹைலக்ஸ் 1968இல் பிறந்தது. நான்கு சில்லும் இழுக்கும் ஹைலக்ஸ் 1979இல் வந்தது. எங்கள் கரையோர ஊர்களில் டபுள் கெப் என்பது முதலில் அரச அதிகாரியின் வாகனம், பிறகு பாதுகாப்புப் படையின் வாகனம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை, இலங்கையிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில் பறித்தது. அதன்பின் கல்முனை வீதியில் தொண்டு நிறுவனங்களின் டபுள் கெப்கள் வரிசை வரிசையாக ஓடியதை நான் கண்டேன். அவர்கள் போனபின் அவ்வாகனங்களின் மீதான ஆசை இங்கு தங்கிவிட்டது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த பழைய வண்டியைத் திருத்தி, உயர்த்தி, அழகுபடுத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் இளைஞரிடம் வேரூன்றியது.

வண்டியை உயர்த்தும் பழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பார்கள். அது பாதி உண்மை. 1970களில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பொப் சாண்ட்லர் என்பவர் தம் ஃபோர்ட் வண்டியை உயர்த்தி 'பிக்ஃபுட்' என்று பெயரிட்டு, பின்னர் பழைய கார்களின் மேல் ஏற்றிக் காட்டினார். அது காட்சிக்கான உயரம். ஐஸ்லாந்து மக்களோ தேவைக்காக உயர்த்தினார்கள். பனிப்பாறைகளின் மேல் ஓடுவதற்காகப் பெரிய டயரைப் பூட்டி, அதன் காற்றை இரண்டு மூன்று இறாத்தல் வரை இறக்கினார்கள். டயர் தட்டையாகப் பரந்து, பனியில் புதையாமல் மிதந்தது. 38 அங்குல டயர் பூட்டிய ஹைலக்ஸ் ஒன்று 2007இல் வடகாந்தத் துருவப் பகுதிவரை சென்றதும் அம்முறையினாலேயே. அங்கே வண்டியைக் காப்பாற்றியதில் உயரத்தைக் காட்டிலும் காற்றை இறக்கியதற்கே பங்கு அதிகம்.

இனி மருமகனின் கணக்குக்கு வருகிறேன். அன்று மாலை இருவரும் கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். அவனுடைய டயரில் 265/70 ஆர் 16 என்று எழுதியிருந்தது. 265 மில்லிமீற்றர் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 70. ரிம் 16 அங்குலம். கூட்டினால் விட்டம் ஏறத்தாழ 777 மில்லிமீற்றர். அவன் விரும்பும் 285/75 ஆர் 16 டயரின் விட்டம் ஏறத்தாழ 834. வித்தியாசம் 57 மில்லிமீற்றர். அச்சு சில்லின் நடுவில் இருப்பதால் உயர்வது அதில் பாதி, அதாவது 28 மில்லிமீற்றர். ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

"அப்படியென்றால் ஸ்பிரிங்கை உயர்த்தினால்?" என்றான். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் உயர்வது பெட்டியும் சேசியும். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிபரன்சியல் பெட்டி சில்லோடு இணைந்தது; ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். தடத்தின் நடுமேட்டில் முதலில் தட்டுவதும் அதுதான். அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றே. ஸ்பிரிங் உயர்வதால் பயனில்லை என்பதல்ல. பெரிய டயர் முட்காட்டில் உரசாமல் சுழல இடம் கிடைக்கும், குழியில் இறங்கி ஏறும்போது முன்மூக்கு இடிக்காது.

இதற்கு ஈடாக நாம் கொடுப்பது என்ன? வண்டியின் பாரமையம் உயர்வதால் வளைவில் கவிழும் ஆபத்துக் கூடும். முன்பக்கத்தில் சில்லைச் சுழற்றும் அச்சின் சாய்வு கூடி, அதன் ரப்பர் உறை கிழியும், மூட்டுத் தேயும். சில்லின் அலைன்மென்ட் மாறும். பிரேக் குழாய் நீளம் போதாமற் போகலாம். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பெரிய டயர் பாரமானதால் பிரேக் பிடிக்கும் தூரமும் எரிபொருட் செலவும் கூடும். மீற்றர் மணிக்கு 60 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64க்கு மேல் ஓடும். மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் காப்புறுதிக் கம்பனியும் ஏற்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஸ்பிரிங்கின் மேல் ஓர் இரும்புத் துண்டை வைத்து உயர்த்துவது மலிவு. ஆனால் அது ஸ்பிரிங்கையோ ஷொக் அப்சோபரையோ மேம்படுத்துவதில்லை.

இவையெல்லாம் பணமும் பக்குவமும் இருந்தால் தீர்க்கக்கூடியவை. என்னைப் பேசாமலிருக்கச் செய்தது அவனுடைய இரண்டாவது காரணம்.

2024 நவம்பர் 26ஆம் திகதியை இப்பகுதியில் எவரும் மறக்கமாட்டார். காரைதீவு–அம்பாறை வீதியில், மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை வீட்டிற்கு ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் பெட்டியோடு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்களும் உடன் சென்றவர்களும் உயிரிழந்தனர். அது எங்கள் வாகனங்களிலேயே பின்சில்லு மிக உயர்ந்த வாகனம். வயலுக்கென்றே செய்யப்பட்ட வாகனம். உயரத்தால் வெள்ளத்தை வெல்ல முடியுமென்றால் அது வென்றிருக்க வேண்டும்.

நான் மருமகனுக்கு மீண்டும் கடதாசியில் எழுதிக் காட்டினேன். மூன்று அங்குல ஸ்பிரிங்கும் பெரிய டயரும் சேர்ந்து பெட்டியை உயர்த்துவது ஏறத்தாழ பத்துச் சென்ரிமீற்றர். இவ்வண்டியின் அடிப்பரப்பு ஏறத்தாழ எட்டரைச் சதுர மீற்றர். நீர் உள்ளே புகாத வரையில், பெட்டி பத்துச் சென்ரிமீற்றர் நீரில் அமிழ்ந்தால் ஏறத்தாழ 850 கிலோ பாரத்தை நீர் தூக்கிவிடும். இருபது சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி சில்லிலிருந்து போய்விடும். பாரமில்லாத சில்லுக்கு வீதியில் பிடி இல்லை. டயர் எவ்வளவு பெரிதாயினும் பக்கவாட்டில் தள்ளும் ஓட்டத்தைத் தடுக்காது. ஓடும் நீர் இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான கெப் வாகனங்களையும் இழுத்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைச் சேவை நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. போதாக்குறைக்கு, கலங்கிய நீரின் கீழே வீதி இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பது மேலிருந்து தெரியாது.

அப்போது எனக்கு மூத்தாப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. 1957 டிசம்பர் பெருவெள்ளத்தில் அவர் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட்டு, வண்டியை மரத்தோடு கட்டிவைத்தாராம். அவ்வளவு உயரச் சில்லு இருந்தும் ஏன் பூட்டவில்லை என்று நான் கேட்டபோது, "சேற்றுக்கு வண்டி, வெள்ளத்துக்குத் தோணி" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். இளைஞர்கள் தம் வண்டியை உயர்த்துவது வீண் ஆடம்பரம் என்று ஏசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வட்டை வீதி ஒழுங்காகக் கிரவல் இட்டு, மதகு துப்புரவாக்கி, தாழ்ந்த இடத்தில் பாலம் உயர்த்தப்பட்டிருந்தால் என் மருமகன் இந்தப் பணத்தை விதைநெல்லுக்குச் செலவழித்திருப்பான். வீதியை உயர்த்துவது ஊருக்குப் பொது. வண்டியை உயர்த்துவது ஒருவனுக்கு மட்டும். பின்னதை ஒருவன் தன் செலவில் செய்ய நேர்ந்ததற்கு முன்னது நடவாமையே காரணம்.

முடிவில் நான் சொன்னது எளியது. "மகன், டயரை ஒரு படி மட்டும் கூட்டு. 265/75 போதும், விட்டம் 26 மில்லிமீற்றர் கூடும், மீற்றரும் பெரிதாகப் பிழைக்காது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இரும்புத் துண்டு வைக்காதே. ஷொக் அப்சோபரோடு சேர்த்து நல்லதாக மாற்று, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சேற்றில் போகும்போது காற்றை 18, 20 இறாத்தலுக்கு இறக்கு, வீதிக்கு ஏறியதும் மறக்காமல் அடி. வெள்ளம் வந்தால் சாவியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடு."

அவன் சிரித்தான். தங்கச்சி சிரிக்கவில்லை. மறுநாள் காலை நான் புறப்படும்போது, வாசற் கதவின் பின்னால் அவள் புதிதாக ஓர் ஆணி அடித்து, அதில் அந்த வண்டியின் இரண்டாவது சாவியை மாட்டியிருந்தாள். முதற் சாவியும் மாரிக்கு முன் அங்கே வரவேண்டும் என்றாள்.