அனுப்பியவர்களும் போனவரும்

சீகன்பால்குவைப் பற்றித் தமிழில் இரண்டு விதமான கட்டுரைகளையே நான் படித்திருக்கிறேன். ஒன்று சபைப் பத்திரிகைகளில் வருவது: கப்பல், இன்னல், அச்சகம், ஜெயம். மற்றது, வந்த பாதிரிகள் எல்லாருமே கம்பெனிக்காரனின் கையாட்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. இரண்டிலும் அந்த மனிதர் இல்லை. ஊழியத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதை வசூலித்தவர்கள் யார்?

1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய 24. அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனால் அரசரின் கம்பெனிக்கு மிஷன் வேண்டாத தலைவலி. 1707இல் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள் என்பதை நினைத்துப் பார்த்தால் தலைவலியின் காரணம் புரியும். 1708 நவம்பரில் அவரைக் கோட்டைக்குள் அடைத்து நான்கு மாதம் வைத்திருந்த கமாண்டர் ஹாஸியுஸ் அவரைப் போலவே கிறிஸ்தவர்தான். சிறையில் அவர் எழுதியது கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியும் போதகரின் கடமையைப் பற்றியும். பழிவாங்கும் எழுத்து இல்லை.

அதற்குள் அவர் வேறொரு சீஷத்துவத்தில் சிக்கியிருந்தார். வயதான வாத்தியார் ஒருவர் தம் பள்ளிக்கூடத்தையே அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகினார் பாதிரியார். போதிக்க வந்தவனிடம் ஊழியம் முதலில் கேட்டது இதை. பிறகு ஏடுகள். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து 1708இலேயே குறிப்புகளோடு ஒரு பட்டியல் எழுதினார். உலக நீதியையும் கொன்றை வேந்தனையும் ஜெர்மனில் பெயர்த்தார். நம்முடைய இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இந்தப் பட்டியலை இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் குறை.

அவரைத் தமிழ்ப் பக்தராக்கிவிடவும் கூடாது. விக்கிரக வணக்கம் பொய் என்ற தீர்மானம் கடைசிவரை மாறவில்லை. ஆனால் பொய் என்று தீர்மானித்த ஒன்றை இவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர்கள் அபூர்வம். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பிப் பதில்களை வாங்கினார். அந்தக் கடிதங்கள் ஹாலேயில் அச்சாயின. ஊரிலிருந்த கிறிஸ்தவர்களின் குடியும் நடத்தையும் அவற்றில் விசாரணைக்கு வருகின்றன. கேள்வி கேட்கப் போனவர் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை வேரறுக்க, அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பதுதான் ஃப்ராங்கெயின் நிலை. இத்தனைக்கும் அவர் இவருடைய குரு. கையெழுத்துப் பிரதி கிடப்பில் போயிற்று. அவர் பெயரோடு புத்தகமானது 1867இல், சென்னையில். 154 வருஷம். (வங்கியில் வேலை பார்க்கும் எனக்கு, கிளை எழுதுவதைத் தலைமை அலுவலகம் படிக்கும் விதம் புதிதல்ல. ஆனாலும் இது அதிகம்.) ஹாலேயை முழுக்கக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. தமிழ் எழுத்து வார்த்து அனுப்பியவர்களும் அவர்கள்தான். அந்த எழுத்து மிகப் பெரிதாக இருந்ததால் இங்கே சிறிதாக வார்த்துக்கொண்டு புதிய ஏற்பாட்டை 1715க்குள் அச்சிட்டு முடித்தார்கள்.

கடைசி அடி கோபன்ஹேகனிலிருந்து வந்தது. மிஷன் சபையின் செயலாளர் வெண்ட் அப்போஸ்தல எளிமையை வற்புறுத்துகிறவர். கோயில் ஏன், பள்ளிக்கூடம் ஏன், இவ்வளவு செலவு ஏன் என்ற தோரணையில் கடுமையாக எழுதினார். வாதத்தில் ஓரளவு நியாயம் இல்லாமலில்லை; கட்டிடம் கட்டுகிற மிஷன்கள் பின்னால் என்ன ஆயின என்று நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அதை யாரிடம் சொல்கிறார்? சுகவீனமாய்க் கிடந்த ஒருவரிடம். 1719 பிப்ரவரி 23இல் சீகன்பால்கு இறந்தார். வயது 36. உடன் உழைத்த க்ரூண்ட்லரும் அடுத்த வருஷமே போய்விட்டார்.

1718இல் கட்டி முடித்த புது எருசலேம் கோயிலுக்குள்தான் அவரைப் புதைத்தார்கள்.