உறையாத ரத்தம் – 4: பனியின் எந்த முகம்?

லாப்ரடாரின் ஹெப்ரான் ஃபியோர்டில் ஷோலாண்டர் குழுவினர் பிடித்த ஆழ்நீர் மீன்கள், ஒரு பனித்துணுக்கு பட்ட மாத்திரத்தில் விறைத்துச் செத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படியானால் பனிக்கட்டிகளுக்கு நடுவிலேயே குடியிருக்கும் மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன?

இந்தப் புதிருக்கு விடை தேடியவர் ஆர்தர் டிவ்ரீஸ். 1961-ல் இளைஞராக அண்டார்க்டிகாவின் மக்மர்டோ கடற்பகுதிக்குப் போனவர் அவர். அங்கே கடலின் மேல்பரப்பு கெட்டியான பனிப்பாளம். அதில் துளை போட்டுத்தான் மீன் பிடிக்க வேண்டும். கீழே உள்ள நீரின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ். சாதாரணக் கடல்மீனின் ரத்தமோ மைனஸ் 0.8 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். இடையில் உள்ள அந்த ஒரு டிகிரிதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது.

ரத்தத்தில் உப்பு கூடுதலாக இருக்கிறதோ? டிவ்ரீஸ் அளந்து பார்த்தார். உப்பு, யூரியா, அமினோ அமிலங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் பாதிக் கணக்குதான் நேரானது. மீதிக்குப் பொறுப்பாளியைத் தேடியபோது கிடைத்தது, சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த ஒரு புரதம். 1969-ல் டொனால்ட் வோல்ஷ்லாக்குடன் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார். ரத்தத்தின் உறைநிலை இறங்கியதில் 30 சதவீதம் இந்தப் புரதத்தின் வேலை.

வேதியியல் படித்தவர்களுக்கு இது தலைசுற்றும் செய்தி. நீரின் உறைநிலை எவ்வளவு இறங்கும் என்பது, அதில் கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. புரத மூலக்கூறு பெரியது. ஒரு கிராம் புரதத்தில் இருக்கும் மூலக்கூறுகள், ஒரு கிராம் உப்பில் இருக்கும் துகள்களைவிட மிகமிகக் குறைவு. எண்ணிக்கைக் கணக்குப்படி பார்த்தால், இந்தப் புரதத்தால் எதையும் சாதித்திருக்க முடியாது. ஆனால் அது கணக்கைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு வேலை செய்தது.

இன்னொரு விந்தையும் சேர்ந்துகொண்டது. புரதக் கரைசலில் ஒரு பொடிப் பனிப்படிகத்தை விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். சூடு ஏற்றினால், உருக வேண்டிய இடத்திலேயே உருகுகிறது. குளிர்வித்தால் வளர மறுக்கிறது, அப்படியே நிற்கிறது. இன்னும் குளிர்வித்தால், ஓர் எல்லையில் ஊசி ஊசியாகத் திடீரென்று பாய்கிறது. உருகுநிலை ஓரிடம், உறைநிலை வேறிடம்! உப்புக் கரைசலில் இப்படி நடக்கவே நடக்காது.

1977-ல் ஜேம்ஸ் ரேமண்டும் டிவ்ரீஸும் விளக்கம் சொன்னார்கள்: புரதம் வேலை செய்வது நீரில் அல்ல, பனிப்படிகத்தின் பரப்பில். மூலக்கூறுகள் அங்கங்கே படிகத்தின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. மெத்தையில் தையல் போட்ட இடங்களுக்கு நடுவே பஞ்சு உப்பி நிற்பதுபோல, ஒட்டிய புரதங்களுக்கு நடுவே பனி புடைக்கிறது. தட்டையான பரப்பில் வந்து ஒட்டுவதைவிட, புடைத்து வளைந்த பரப்பில் ஒட்டுவது நீர் மூலக்கூறுகளுக்குக் கடினம். வளைவு கூடக்கூட, வளர்ச்சி நின்றுபோகிறது.

ஆக, மீனின் உடலுக்குள் பனி நுழையாமல் இல்லை. நுழைந்த பனி வளராமல் இருக்கிறது. அந்த மீன் உயிரோடு இருப்பதற்கு அது போதும்.

சரி, ஒட்டுகிறது. எங்கே ஒட்டுகிறது? பனிப்படிகத்துக்குப் பல முகங்கள் உண்டு. ஒவ்வொரு முகத்திலும் நீர் மூலக்கூறுகளின் வரிசை வேறு. இந்தக் கேள்வியைத் தீர்க்க வந்தவர், ஆலங்கட்டி மழையை ஆராய்ந்துகொண்டிருந்த சார்லஸ் நைட். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்துக்காரர். அவருடைய முறை அழகானது. ஒற்றைப் பனிப்படிகத்தை, புரதம் மிகச் சிறிதளவே கலந்த நீரில் அரைக்கோளமாக வளரவிட்டார். வளைந்த பரப்பு என்பதால், படிகத்தின் எல்லாத் திசைகளும் அதில் அடங்கிவிடுகின்றன. பிறகு அதை உறைகுளிரிலேயே வைத்து, மேல்பரப்புப் பனியை மெல்ல ஆவியாக விட்டார். புரதம் படியாத இடங்கள் பளபளவென்று இருந்தன. படிந்த இடங்கள் மட்டும் சொரசொரப்பான திட்டுகளாக மங்கித் தெரிந்தன. புரதம் தான் பிடித்த முகத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது.

1991-ல் நைட், சி-ஹிங் செங், டிவ்ரீஸ் மூவரும் முடிவுகளை வெளியிட்டார்கள். விண்டர் ஃப்ளவுண்டர் என்னும் தட்டை மீனின் புரதம், வெறும் 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சுருள். அதில் த்ரியோனின் என்ற அமினோ அமிலம், 11 இடங்களுக்கு ஒருமுறை, சுமார் 1.65 நானோமீட்டர் இடைவெளியில் வருகிறது. அது ஒட்டும் பனிமுகத்தில், ஒட்டும் திசையில், படிக அமைப்பு திரும்ப வரும் இடைவெளி சுமார் 1.67 நானோமீட்டர்!

இத்தனை நெருக்கமான பொருத்தம் வெறும் தற்செயலாக இருக்குமா? த்ரியோனினில் ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி இருக்கிறது. அது பனியோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுப் பிடித்துக்கொள்கிறது என்ற விளக்கம் பலருக்கும் நிறைவளித்தது.

ஆனால் அறிவியலில் அழகான விளக்கமும் சோதனைக்குத் தலைகுனிந்தே ஆக வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் த்ரியோனினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாலினை வைத்தார்கள். வாலின், உருவத்தில் த்ரியோனினின் இரட்டைப் பிறவி. ஆனால் அந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி அதில் கிடையாது. ஹைட்ரஜன் பிணைப்புதான் பிடிமானம் என்றால், இந்தப் புதிய புரதம் பனியைத் தடுக்க முடியாமல் தோற்க வேண்டும்.

தோற்றதா, இல்லையா? இதுவரை படித்ததை வைத்து நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். விடையை அடுத்த வாரம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

(தொடரும்)