இரும்பை ஒதுக்கும் கருவியும் லா தென் வாள்களும்

பழைய மெட்டல் டிடெக்டர்களைத் தேடி வாங்கிப் பழுதுபார்த்து வைத்திருப்பவர்கள் அதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 1960, 70-களின் கருவியில் திரை கிடையாது, எண் கிடையாது. ஹெட்ஃபோனில் எழும் சத்தம் மட்டுமே உண்டு. கீழே கிடப்பது ஆணியா, காசா என்பதைத் தேடுகிறவரின் காதும் பொறுமையும் தீர்மானிக்க வேண்டும். இன்றைய கருவியோ தோண்டும் முன்பே உலோகத்தின் வகையை எண்ணாகக் காட்டிவிடுகிறது. தேடலின் சுகம் போய்விட்டது என்கிறார்கள். இந்த ஏக்கத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர்கள் அதை வேறு இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் வாதம். பழைய கருவியில் போற்றவேண்டியது அது தந்த சிரமத்தை அல்ல. அகழாய்வு வரலாற்றில் சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் ஏரி கற்றுத்தந்த பாடத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

நொஷாட்டல் ஏரியின் வடகிழக்கு முனையில், தியேல் ஆறு ஏரியை விட்டு வெளியேறும் இடத்துக்கு அருகே இருக்கிறது லா தென். 1857 நவம்பரில் ஏரி நீர் வற்றித் தாழ்ந்திருந்தபோது, ஹான்ஸ்லி கோப் என்ற மீனவர் அங்கே ஆழமற்ற நீருக்குள் மரத்தூண்களைக் கண்டார். பீல் நகரத்துச் சேகரிப்பாளர் கர்னல் ஃபிரெடெரிக் ஷ்வாபுக்காக அவர் பழம்பொருள் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது நீண்ட கழியில் பொருத்திய இடுக்கி மட்டுமே. அதைக் கொண்டே வாள்களும் ஈட்டிமுனைகளுமாகச் சுமார் நாற்பது இரும்பு ஆயுதங்களை அவர் மேலே கொண்டுவந்தார். பிறகு 1868-க்கும் 1891-க்கும் இடையே நடந்த ஜூரா நீர்நிலைச் சீரமைப்பு ஏரியின் மட்டத்தை இரண்டரை மீட்டருக்கு மேல் இறக்கியது. தண்ணீருக்கடியில் இருந்த இடம் கரையாகிவிட, மண்வெட்டி வைத்திருந்தவர் எவரும் தோண்டலாம் என்ற நிலை வந்தது. 1880-களில் எமில் வூகாவும், 1907 முதல் 1917 வரை வில்லியம் வாவ்ரும் பால் வூகாவும் அங்கே அகழ்ந்தார்கள். கிடைத்த பொருட்கள் ஏறத்தாழ 2,500. 1870-களில் ஸ்வீடன் அறிஞர் ஹான்ஸ் ஹில்டெபிராண்ட் ஐரோப்பாவின் பிந்தைய இரும்புக் காலத்துக்கு இந்தச் சிற்றிடத்தின் பெயரையே வைத்தார்.

இவ்வளவு கிடைத்தும், அந்த ஆயுதங்கள் ஏன் அங்கே வந்தன என்பது இன்றுவரை முடிவாகவில்லை. தெய்வத்துக்கு இட்ட காணிக்கை என்கிறார்கள். போரின் மிச்சம் என்கிறார்கள். வெள்ளத்தில் இடிந்த பாலத்தோடு விழுந்தவை என்றும் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் உண்டு, எதற்கும் போதுமான ஆதாரம் இல்லை. காரணம் எளிது. வாள் எந்த மண்ணடுக்கில், எந்தத் தூணுக்குப் பக்கத்தில், எந்த எலும்போடு கிடந்தது என்பதைத் தொடக்க காலத்தில் தேடியவர்கள் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. பொருட்களும் பீல், பெர்ன், ஜெனீவா, சூரிச் என்று பிரிந்து போயின. நமக்கு இது புதிய கதையல்ல. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் கிடைத்தன. சங்க காலத்துக்கு அவை அரிய சான்று. ஆனால் எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தன என்ற செய்தியை விட்டுவிட்டுத்தான் அவை நாணயச் சந்தைக்கு வந்தன.

இப்போது கருவிக்கு வருவோம். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் செய்த மின்கருவி வெற்றி பெறவில்லை. 1930-களில் கெர்ஹார்ட் ஃபிஷர் அமெரிக்காவில் இத்தகைய கருவியை விற்பனைப் பொருளாக்கினார். 1941-இல் போலந்துப் படையைச் சேர்ந்த யூசெஃப் கோசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காட்டும் கருவி மறு ஆண்டே எல் அலமைன் போரில் பயன்பட்டது. போருக்குப் பின் பொதுமக்களிடம் வந்த கருவிகள் இந்தப் பரம்பரையில் பிறந்தவை. இரும்பு, செம்பு, ஈயம் எதுவானாலும் குரல் கொடுப்பதுதான் அவற்றின் இயல்பு. 1970-களில் வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் வசதி பரவியது. காசும் நகையும் தேடுகிறவருக்கு ஆணி தொல்லை; ஆகவே முதலில் ஒதுக்கப்பட்டது இரும்பு. லா தென்னின் புகழோ முழுக்க இரும்பால் வந்தது. இரும்பை ஒதுக்கும்படி அமைத்த நவீனக் கருவியோடு ஒருவர் அத்தகைய இடத்தில் நடந்தால், வாள்களின் மேலேயே நடந்து போய்விடக்கூடும். பழைய கருவியின் உண்மையான சிறப்பு இதுதான்: எது மதிப்புள்ளது என்று அது நமக்காக முன்கூட்டியே முடிவு செய்யவில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் ஏக்கத்துக்கு நான் வக்கீலாகிவிடுவேன். பால் வூகா காலத்து அகழ்வில் மரக் கேடயங்களும் சக்கரமும் கிடைத்தன. ஈர மண் காத்துவைத்த அந்த மரத்தை எந்த ஆண்டுக் கருவியும் கேட்காது. லா தென் பற்றிய நம்பகமான காலக்கணிப்புகளில் முக்கியமானவை அத்தகைய மரத்தின் ஆண்டு வளையங்களிலிருந்தே வந்தன. பழைய கருவிக்குத் துணை நிற்பவர்கள் இன்னொன்றும் சொல்வதுண்டு: அதற்கு ஆழம் எட்டாது, அதனால் மேல்மண்ணைத் தாண்டி அது எதையும் கெடுக்கவில்லை. பாதி உண்மை. எட்டாத கையால் வந்த அடக்கம் அது. நீர் வடிந்த லா தென்னில் மின்கருவியே இல்லாமல் வெறும் மண்வெட்டி செய்த சேதத்தை நினைத்தால், எளிய கருவி தீங்கற்றது என்ற நம்பிக்கை நிற்காது.

கோப் தேடியிருக்காவிட்டால் லா தென்னே தெரிந்திருக்காதே என்பது வலுவான எதிர்வாதம். அதை மறுக்க முடியாது. ஆர்வலர்களுக்கு அகழாய்வு பட்ட கடன் பெரியது. அதனால்தான் அவர்களை விரட்டுவதை நான் ஏற்கவில்லை. பதிவு செய்ய அவர்களைக் கட்டாயப்படுத்துவதை ஏற்கிறேன். 1912-இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் உரிமையியல் சட்டத்தின் 724-ஆம் பிரிவு, அறிவியல் மதிப்புள்ள உரிமையாளரற்ற பழம்பொருள் கண்டெடுக்கப்பட்ட மாநிலத்துக்கே சொந்தம் என்கிறது. கண்டெடுத்தவரின் ஆசையைக் கொல்லும் சட்டம் என்று இதைச் சிலர் குறைகூறுகிறார்கள். ஆனால் விற்க முடியாத பொருளை மறைக்க ஒருவருக்குக் காரணம் குறைவு. கண்ட இடத்தைச் சொல்லத் தயக்கமும் குறைவு. அறிவுக்கு வேண்டியது அந்த இடம்தான். நொஷாட்டல் நகரை ஒட்டிய ஓத்ரிவில் 2001-இல் திறந்த லாத்தேனியம் அருங்காட்சியகம் பொருளை அதன் மண்ணோடும் ஏரியோடும் சேர்த்தே காட்ட முயல்வது இந்தப் புரிதலால்தான்.

ஆகவே பழையதா புதியதா என்ற கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எதையும் ஒதுக்காமல் கேட்பதில் பழைய கருவி நமக்கு ஆசான். நவீனக் கருவியிலும் அந்த ஒதுக்கலை அணைத்து வைக்கலாம். அதற்குத் தேடுகிறவரின் மனம் இசைய வேண்டும், அவ்வளவுதான். கேட்ட இடத்தை ஜிபிஎஸ் கொண்டு சில மீட்டருக்குள் குறித்துவைப்பதோ பழைய கருவியின் காலத்தில் எளிதாக இருக்கவில்லை. கோப்பின் படகில் இடுக்கியோடு ஒரு நோட்டுப்புத்தகமும் இருந்திருந்தால், நூற்றைம்பது ஆண்டு விவாதத்தில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. பழைய கருவியை அலமாரியில் அன்போடு வைத்திருப்பவர்கள் அதன் பாரபட்சமற்ற காதைக் கற்றுக்கொள்ளட்டும். தேடப் போகும்போது அனுமதியோடு போகட்டும், கண்டதைத் தோண்டும் முன் குறித்துக்கொள்ளட்டும். இந்த இரண்டும் சேர்ந்த தேடல்தான் அடுத்த தலைமுறைக்குப் பொருளோடு அதன் கதையையும் கொடுக்கும்.