படையும் பருகுநீரும்

திருமலையில் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செப்புத் திருவுருவையும், உடன் நிற்கும் தேவியர் இருவரையும் காணாத அன்பர் நம் சங்கத்தில் இரார். 1513-ஆம் ஆண்டு தொடங்கி ஏழு முறை வேங்கடவனை வணங்க வந்த வேந்தர் அவர். 1520-இல் அவர் இராய்ச்சூரின்மேல் படையெடுத்து வென்றதைப் பள்ளி நூல்கள் பேசும். அப்பெரும் படை எதைக் குடித்தது என்பதை அவை பேசுவதில்லை.

அதனைக் கூறுபவர் நூனிஸ் என்னும் போர்த்துகீசியர். தோற்பைகளில் நீர் சுமப்போர் 12,000 பேர் வழிநெடுக நிறுத்தப்பட்டனராம். கையில் நீரில்லாதோர் விடாயால் மடியாதிருக்கவே இவ்வேற்பாடு. எண்ணிக்கை மிகையாயினும் ஆகுக, ஏற்பாடு பொய்யன்று. முழங்காலளவு நீரோடிய ஆறொன்று, படையில் பாதி கடக்குமுன்னரே சொட்டின்றி வற்றிற்று என்றும், பின்வந்தோர் மணலில் குழி தோண்டி நீர் தேடினர் என்றும் அவரே எழுதுகிறார். பொன்முகலியாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த நம் முதியோர்க்கு இது வியப்பளிக்காது. மணலூடே கசிந்து வந்த அந்நீரே, ஆயிரம் குதிரைகளும் யானைகளும் கலக்கிய நீரினும் தூயதாயிருந்திருக்கும் என்பது என் துணிபு.

பாசறை நீரைப் பற்றிய அச்சம் மிகப் பழையது. சுசுருத சம்கிதையின் சூத்திரத்தானத்து 34-ஆம் அத்தியாயம் படையுடன் செல்லும் மருத்துவனுக்கே உரியது. பகைவர் வழியையும் நீரையும் புல்லையும் விறகையும் நஞ்சூட்டுவர். அவற்றை ஆராய்ந்து தூய்மை செய்க என்று அது பணிக்கிறது. மருத்துவனின் கூடாரம் அரசன் கூடாரத்தை அடுத்தே அமைய வேண்டும். கெட்ட நீரின் அடையாளங்களும் அந்நூலிலேயே உள்ளன: பிசுபிசுப்பு, தீநாற்றம், நுரை, மேலே படரும் கோடுகள், செத்து மிதக்கும் மீனும் தவளையும். பாதிரி, கொன்றை முதலிய மரங்களை எரித்து, ஆறிய சாம்பலை நீர்நிலையில் தூவுதல் மாற்று. குடத்து நீராயின் ஒரு கையளவு போதும். பகைவன் நீரை நஞ்சாக்கும் வழிகளைக் கௌடலியரின் அர்த்தசாத்திரம் கூசாமல் கற்பிப்பதைப் படித்தால், மருத்துவரின் அச்சம் வீணன்று என்பது விளங்கும்.

கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையையும் சுசுருதர் குறிக்கிறார். கலித்தொகையிலும் உவமையாக வரும் அக்கொட்டையைக் கலத்தின் உட்புறத்தே தேய்த்து நீர் வார்ப்பது நம் பாட்டிமார் அறிந்த செயல். சேறு அடியில் படியும், கிருமிகளிற் பல அதனோடு படியும், எல்லாம் படியா. தெளிந்த நீரும் கொல்லும் என்பது அக்காலத்தார்க்குப் புலப்படவில்லை. காலராக் கிருமியைக் கல்கத்தாக் குளத்து நீரில் இராபர்ட் காக் கண்டது 1884-இல்தான்.

காய்ச்சினால் தீங்கு நீங்கும் என்பதோ பாரசீகத்தில் பண்டே வழக்கிலிருந்தது. போருக்குச் செல்லும் பேரரசனுக்காகக் கோவாஸ்பெஸ் ஆற்று நீரைக் காய்ச்சி, வெள்ளிக் கலங்களில் நிரப்பி, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளில் ஏற்றிச் சென்றனர் என்கிறார் எரோடோட்டஸ். அந்நீர் அரசன் ஒருவனுக்கே. பின்னால் நடந்த காலாட்கள் எதிர்ப்பட்ட குட்டையில் குடித்திருப்பர். நூனிஸ் காட்டும் தோற்பைக்காரரோ, கலத்தில் நீரற்று வந்த எவர்க்கும் வார்த்தனர்.