சத்திய சோதனை: ஒரு தலைப்பின் வரலாறு

காந்தியடிகள் தம் வரலாற்றை 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' வார இதழில் குஜராத்தி மொழியில் எழுதி வந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'சத்யநா பிரயோகோ'. 'ஆத்மகதா' என்பது அதன் பின்னரே நின்றது. தன்வரலாறு எழுதுதல் தம் நோக்கமன்று என முன்னுரையிலும் விளக்கினார். பிரயோகம் என்பது அம்மொழியில் ஆய்வுக்கூடத்துச் செய்முறையையும் குறிக்கும். பன்மையில் நின்று, பலமுறை செய்து பார்த்தலை உணர்த்தும். ஆகவே வாசகர், தேறியவற்றையும் தவறியவற்றையும் உடனிருந்து சரிபார்க்க அழைக்கப்படுகின்றனர்.

தமிழில் அந்நூல் 'சத்திய சோதனை' ஆயிற்று. பிரயோகம் என்னும் சொல் நம்மிடையே பயன்படுத்துதலையே பெரிதும் குறிக்கும். சோதனையோ இருபொருள் உடையது: ஆராய்ந்து பார்த்தலும் அதுவே, ஆண்டவன் அடியாரை வருத்திப் பார்த்தலும் அதுவே. ஆதலின் தமிழர் உள்ளத்தில் அரிச்சந்திரன் நினைவு எழுகின்றது. இளமையில் அரிச்சந்திர நாடகம் கண்டு உருகியவர் அடிகள். எனவே இப்பொருளும் அவர்க்கு அயலானதன்று. ஆயினும், சோதனைக்கு உள்ளானவரை வணங்கி நின்றுவிடுகின்றோம். சோதித்துப் பார்த்தவரோடு வாதிட மறக்கின்றோம்.

அண்டை வீட்டார் மொழியையும் கற்று வாழும் நமக்கு இரு தலைப்புகளும் எட்டும். வணங்குதலோடு அமையாது, அடிகள் அழைத்தவாறு நாமும் சோதித்துப் பார்ப்போமாக.