மதுரையின் கணக்கேடும் பாடாங் செராயின் கண்களும்

என் தாத்தா விக்டோரியா தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எழுபதுகளின் நடுவில் அவருடைய இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. "நன்றாக முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். முற்றிய பிறகு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது மூக்கின் மேல் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குள் இருந்த வில்லையை முழுதாக எடுத்துவிட்டதால், அதன் வேலையை அந்தத் தடித்த கண்ணாடிதான் செய்தாக வேண்டும். அதில் எதுவும் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். நேரான நிலைப்படி வளைந்து நிற்கும். கோப்பிக் கோப்பையை எடுக்க நீட்டிய தாத்தாவின் கை, கோப்பைக்கு ஒரு சாண் முன்னாலேயே மூடிக்கொள்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருநாள் பைப்படியில் முகம் கழுவக் குனிந்தபோது கண்ணாடி சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. புதுக்கண்ணாடி வரும்வரை பல வாரங்கள் அவர் சுவரைத் தடவித்தான் நடந்தார்.

ஆஸ்பத்திரிக் கணக்கில் அது வெற்றிகரமான அறுவை சிகிச்சை. வீட்டுக் கணக்கில் தாத்தாவுக்குக் கண் தெரியவில்லை. இந்த இரண்டு கணக்கும் ஒன்றாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற ஒரு நிறுவனத்தின் வரலாற்றை நம் பாடாங் செராய் விழா மலரில் எழுதி வைப்பது பொருத்தம் என்று நினைக்கிறேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர்களின் மண்ணில், 1976இல் மதுரையில் பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனை அது.

அதைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்ற கரிசல்காட்டுக் கிராமத்தில் பிறந்தவர். இராணுவ மருத்துவராக இருந்தபோது வந்த முடக்குவாதம் அவருடைய விரல்களை நிரந்தரமாகக் கோணலாக்கிவிட்டது. பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்த விரல்களை, கண்ணை அறுக்கும் நுண்கத்தியைப் பிடிக்கப் பழக்கினார். மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றிய காலத்திலேயே கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். 58 வயதில் ஓய்வு பெற்றதும், சகோதரி டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி ஆகியோருடன் குடும்பமாகச் சேர்ந்து 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் திறந்தார். பணம் உள்ளவர் கட்டும் கட்டணத்தில் இல்லாதவருக்கு இலவசச் சிகிச்சை என்ற ஏற்பாட்டை உலகம் முழுக்கப் படித்துவிட்டார்கள். அதைப் பற்றிப் புத்தகங்களும் வந்துவிட்டன. நான் சொல்ல வருவது அதிகம் பேசப்படாத இன்னொன்றை. இங்கே அறுவை முடிந்த நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பார்த்ததை எழுதி வைத்தார்கள். எழுதியதை, தங்களுக்குப் பாதகமாக இருந்தாலும், வெளியிட்டார்கள்.

என் தாத்தாவின் கண்ணாடி விஷயத்துக்கே வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில்கூட ஏழை நாடுகளின் பெரிய திட்டங்களில் வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பதே வழக்கமாக இருந்தது. கண்ணுக்குள் செயற்கை வில்லை பொருத்துவது பணக்கார நாடுகளுக்கு உரியது என்றும், ஆயிரக்கணக்கில் செய்தால் சிக்கல் பெருகும் என்றும் அறிஞர்களே தயங்கினார்கள். மதுரையில் இதை ஊகத்துக்கு விடவில்லை. 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 3,400 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலாக முடிவானது. ஒரு பிரிவுக்குப் பழைய முறையும் கண்ணாடியும், மற்றதற்குக் கண்ணுக்குள் வில்லை. ஓராண்டு கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். எழுத்துப் பலகையில் எத்தனை வரி தெரிகிறது என்பதோடு நிற்காமல், தனியாக நடக்க முடிகிறதா, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்றும் கேட்டார்கள். 1998இல் வெளியான முடிவுகளில் வில்லை பொருத்தியவர்களின் பார்வையும் வாழ்க்கையும் தெளிவாக மேம்பட்டிருந்தன. அஞ்சிய அளவுக்குச் சிக்கல்களும் வரவில்லை. கோப்பிக் கோப்பைக்கு முன்னாலேயே மூடிக்கொண்ட அந்தக் கைக்கு மருத்துவ உலகம் பதில் சொன்னது அந்த ஆய்வில்தான் என்று எனக்குத் தோன்றும்.

அதே தொண்ணூறுகளில் விலைக்கும் வழி கண்டார்கள். இறக்குமதி வில்லை ஒன்று நூறு டாலருக்கு மேல் விற்ற நாளில், 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை மதுரையிலேயே தொடங்கினார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கி, பிறகு இன்னும் இறங்கியது. இன்று அதன் வில்லைகள் நூறு நாடுகளுக்கு மேல் போகின்றன.

நேர்மைக்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். கண் முகாம்தான் அரவிந்தின் பெருமை. அந்த முகாம்களால் உண்மையில் எத்தனை பேர் பயனடைகிறார்கள் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆராய்ந்தபோது, கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்தது தெரிந்தது. 1999இல் அச்சேறிய முடிவு இது. பந்தல் நிறையக் கூட்டம் இருந்தது, புகைப்படங்கள் இருந்தன, ஆனாலும் 93 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். துணைக்கு வர ஆளில்லை, ஒருநாள் கூலி போய்விடும், பயம், "வயசானால் இப்படித்தான்" என்ற நினைப்பு. வேறு நிறுவனமாக இருந்தால் அந்தத் தாளை அலமாரியில் பூட்டியிருக்கும். இவர்கள் சிறு ஊர்களிலேயே நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்து, இணைய வழியில் மதுரை மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். நம் ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முகாம் நடத்தி மனநிறைவு அடைகிற சங்கங்கள் எல்லாம், நானும் ஒன்றில் உறுப்பினன்தான், இந்த ஏழு என்ற எண்ணை மறக்கக் கூடாது.

அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி தொற்றினால் ஓரிரு நாளில் பார்வையே போகலாம். அது அபூர்வம் என்பதால், எந்தத் தடுப்பு உதவுகிறது என்று சிறிய மருத்துவமனையால் கண்டறியவே முடியாது. அரவிந்தில் ஒரே மாதிரி எழுதப்பட்ட பதிவுகள் இலட்சக்கணக்கில் இருந்தன. அறுவை முடியும் தருணத்தில் மாக்ஸிஃபிளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தும் வழக்கத்தை, ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளின் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்த தொற்று இரண்டு பேராகக் குறைந்திருந்தது.

இனி நம் தோட்டத்துக்கு நேரே தொடர்புள்ள பகுதி. செம்பனைக் குலை வெட்டுகிறவர் தலையை நிமிர்த்தி, நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை இழுக்கிறார். மட்டை சரியும்போது மேலிருந்து தூசும் சிம்பும் நேராகக் கண்ணில் விழும். கருவிழியில் ஒரு கீறல் போதும், அதன் வழியே பூஞ்சை குடியேறிவிடும். மதுரை மாவட்டத்தில் தொண்ணூறுகளில் எடுத்த கணக்கில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் கண்ட அளவைப்போல் அது ஏறத்தாழப் பத்து மடங்கு. பாதிக்கப்பட்டவர்களில் பலர் வயலில் உழைத்தவர்கள். பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது? புதியதும் விலை அதிகமானதுமான வோரிகோனசோலா, பழைய நாட்டமைசினா? தென்னிந்தியாவில் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் பதில் சொன்னது: பழைய நாட்டமைசினே மேல். அந்த மருந்து பெற்றவர்களில் 18 பேருக்குத்தான் கருவிழி ஓட்டையானது அல்லது மாற்ற வேண்டி வந்தது, மற்றப் பிரிவில் 34 பேர்.

அதைவிட எனக்கு நெருக்கமானது புண் வருமுன் தடுக்கும் ஆய்வு. பர்மாவிலும் பூட்டானிலும் மதுரைக் கிராமங்களிலும் உள்ளூர்த் தொண்டர்களைப் பழக்கி, கண்ணில் அடிபட்டவரை உடனே பார்த்து, கீறல் இருந்தால் நாளைக்கு மூன்று முறை, மூன்று நாள் களிம்பு போடச் செய்தார்கள். 2006இல் வந்த அந்த அறிக்கைகளின்படி, காலத்தில் களிம்பு பட்ட கண்கள் ஏறத்தாழ எல்லாமே புண்ணாகாமல் ஆறிவிட்டன. அந்தத் தொண்டரின் இடத்தில் ஒரு காலத்தில் நம் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் இருந்தார். காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் பிறகு அவர் முன்னால் நின்று கண்ணிமையை மடக்கிக் காட்டியது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, அந்த மருந்துக் கொட்டகைகளும் போய்விட்டன. இன்று விக்டோரியா, ஹென்ரியட்டா, பாடாங் மேஹா பக்கம் குலை வெட்டுகிற அயல்நாட்டுத் தொழிலாளியின் கண்ணுக்கும் அதே சிம்புதான். அவரையும் சேர்த்தே சொல்கிறேன்: கண்ணில் அடிபட்டால் தாய்ப்பால் விடாதீர்கள், நந்தியாவட்டைச் சாறு பிழியாதீர்கள், கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடவே தொடாதீர்கள். பூஞ்சைக்கு அது எருப் போட்டதுபோல. அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

எழுதி வைக்கும் இந்த வழக்கத்தில் மலேசியாவும் பின்தங்கவில்லை. சுகாதார அமைச்சு 2002இல் கண்புரை அறுவைப் பதிவேட்டைத் தொடங்கியது. அதைச் சார்ந்து 2010இல் நம் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு முறையை விளக்க ஆசைப்படுகிறேன். பயிற்சியில் இருக்கும் ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு வரைகோடு. அறுவை நல்லபடியாக முடிந்தால் கோடு கொஞ்சம் இறங்கும், சிக்கல் நேர்ந்தால் ஏறும். குறித்த எல்லையைத் தாண்டினால் ஆசிரியர் உடனே பக்கத்தில் வந்து நின்று திருத்துவார். ஆண்டு முடிந்து அறிக்கை வரும்வரை நோயாளிகள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

2014இல் நடந்த இரண்டாம் தேசியக் கண் ஆய்வில் 50 வயது கடந்தோரில் 1.2 விழுக்காட்டினர் பார்வையற்றிருந்தார்கள். பாதிக்கு மேல் காரணம் எடுக்கப்படாத கண்புரை, அடுத்தது நீரிழிவால் கெட்ட விழித்திரை. இந்த இரண்டாவதுதான் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. அதாவது மூவரில் ஒருவருக்குச் சற்றே குறைவு. 2007ஆம் ஆண்டின் நீரிழிவுக் கண் பதிவேட்டில் இருந்த 10,856 பேரில் 36.8 விழுக்காட்டினரின் விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது. கண்புரையை எடுத்தால் பார்வை திரும்பும். விழித்திரையில் போனது பெரும்பாலும் போனதுதான். வலி இராது, சிவப்பு இராது, தெரியத் தொடங்கும்போது தாமதமாகிவிட்டிருக்கும்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீரிழிவுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போகும்போது, "என் விழித்திரையைப் படம் எடுத்து எத்தனை நாளாயிற்று?" என்று கேளுங்கள். ஓராண்டு ஆகியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கண் அறுவை முடிந்தவர்கள், நன்றாகத் தெரிகிறது என்பதற்காக மறுபரிசோதனைத் தேதியை விட்டுவிடாதீர்கள். கூட்டிப்போக ஆளில்லாத பாட்டி தாத்தா உங்கள் தாமானில் யாராவது இருந்தால், ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போய் வாருங்கள்.