பொருளின் நிலைபேறு: ஜாவா நியமங்களின் வரலாறு

துணுக்காயிற் காணி அனுமதிப்பத்திரம் பெற்ற ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். 1978 இல் முல்லைத்தீவு தனி மாவட்டமானபோது துணுக்காய் அதனுட் சேர்ந்தது. மாவட்டப் பெயர் மாறிற்று, காணி மாறவில்லை. 2008 இல் போர் அங்கு வந்தபோது மக்கள் இடம்பெயர்ந்தனர்; வன்னியிற் பலருடைய பத்திரங்கள் அவ்விடப்பெயர்வுகளில் அழிந்தன. எழுதிய தாள் மறைந்த பின்னும் பதிவு எவ்வாறு நிற்கும் என்பது அங்கு வெறும் ஏட்டு வினா அன்று. கணினியியலார் அதனை 'நிலைபேறு' என்ற பெயரால் ஆராய்வர்.

1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவா மொழி, உலகைப் பொருள்களாக நோக்குவது. செய்நிரல் நின்றதும் நினைவகத்திலுள்ள பொருளும் இல்லாதொழியும். நிலைத்த தரவுகளோ, 1970 இல் எட்கார் கொட் முன்வைத்த உறவுமுறை மாதிரியின்படி, நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளில் இருந்தன. குடும்பம் என்னும் பொருள் தன் காணியை நேரே சுட்டும். அட்டவணையில் அச்சுட்டு ஓர் இலக்கமாகவே எழுதப்படும். இரண்டிற்குமிடையே மாற்றியெழுதும் சுமை செய்நிரலாளர் மீது விழுந்தது.

1997 இல் ஜாவா இரு வழிகளைத் தந்தது. ஜே.டி.பி.சி. வழியில் வினவல்களைக் கையாலெழுதித் தரவுத்தளத்திற்கு அனுப்பலாம். மற்றையது, பொருளை அப்படியே பைற்றுகளாக்கிக் கோப்பில் இடுவது. இது எளிதே, ஆயினும் வகுப்பின் அமைப்புப் பின்னர் மாறின் பழைய கோப்பு வாசிக்கப்படாது போகலாம். தலைமுறைகள் கடந்து நிற்க வேண்டிய காணிப் பதிவை இதனிடம் ஒப்படைத்தல் தகாது.

பொதுநியமம் தேடும் முயற்சி ஜாவாவுக்கும் முந்தியது. 1993 இல் வெளிவந்த ஓ.டி.எம்.ஜி. நியமம் பொருள்வழித் தரவுத்தளங்களை நம்பிற்று. உலகமோ அட்டவணைகளை விடவில்லை. அக்குழு 2001 இற் கலைந்தது. 1998 இல் வந்த இ.ஜே.பி. நியமத்தின் 'என்டிட்டி பீன்'கள், ஒரு சிறு பதிவுக்கும் பல இடைமுகங்களையும் நீண்ட விவரணக் கோப்பையும் கோரின. (அவற்றை எழுதிக் களைத்தோர் இன்றும் உளர்.) 2002 இல் வந்த ஜே.டி.ஓ. சாதாரண வகுப்புகளையே ஏற்றது. அது பெற்றதினும் மிகுந்த ஆதரவுக்குத் தகுதியுடையது என்பது எனது கருத்து. ஆயினும் வெற்றி பெற்றது, 2001 இல் அவுஸ்திரேலியரான கவின் கிங் தொடங்கிய ஹைபர்நேற். அது நியமமன்று, வழக்கில் வேரூன்றிய கருவி. 2006 மே மாதம் வெளிவந்த ஜே.பி.ஏ. நியமம் அவ்வழக்கினின்றும் பெரிதும் கொண்டது. இலக்கணம் வழக்கைப் பின்தொடர்தல் தமிழறிந்தார்க்குப் புதிதன்று.

ஜே.பி.ஏ. ஒவ்வொரு நிலைபேறுடைய பொருளுக்கும் ஓர் அடையாளப் புலத்தை வேண்டும். அதனை எவ்வாறு அமைப்பது என்பது சிறிய செய்தியன்று. மாவட்டப் பெயரைச் சேர்த்து அடையாளத்தை அமைத்திருப்பின், 1978 இல் அக்குடும்பத்தின் காணி கணினிக்கு வேறொரு காணியாகியிருக்கும்; பொருளற்ற தனியிலக்கமொன்றைக் கொடுத்திருப்பின், ஒரு நிரலில் ஒரு சொல்லைத் திருத்துவதோடு செய்தி முடிந்திருக்கும்.

சன் நிறுவனத்தை 2010 இல் வாங்கிய ஓரக்கிள், 2017 இல் இந்நியமங்களை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கையளிக்க முன்வந்தது. 'ஜாவா' என்னும் பெயருரிமையை மட்டும் விடவில்லை. ஆகவே 2020 இல் நியமம் 'ஜகார்த்தா' என்ற பெயர்வெளிக்கு மாறியது. புதிய பதிப்புக்கு மாறிய செய்நிரல்களின் தலைவரிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. அட்டவணைகளில் ஒரு நிரைகூட அதற்காக மாறவில்லை.